பாக்கி இருபத்தைந்து பைசா

காகிதத்தில் கைப்பை செய்வது எப்படி என்று இந்த வாரம் எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். 'இதெல்லாம் லேடீஸ் பக்கத்தில் வர வேண்டிய சமாசாரமாச்சே' என்று பக்கத்தைப் புரட்டவும் வேண்டாம். கல்யாணம் ஆகாத வாலிபர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள், உங்களுக்கு இதில் உபயோகம் இருக்கிறது. ஆனவர்கள், குறிப்பாகத் தங்கை இருப்பவர்கள், இன்னும் கிட்டே வாருங்கள்.

எல்லாம் எங்கள் ஆபீஸ் ஜூனியர் ஒருவனால் ஆரம்பித்தது. இருபத்தாறு வயது. நிச்சயதார்த்தம் முடிந்து, மூன்று மாதமாக எந்த ஃபைலும் நகராத நிலையில் இருக்கிறான். ஒரு திங்கட்கிழமை டிபன் பாக்ஸை ஒரு காகிதப் பையில் வைத்துக் கொண்டுவந்தான். மேலே பூராவும் சினிமா டிக்கெட். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த படங்களாம். அந்தப் பெண் தன் கையாலேயே செய்து கொடுத்தாளாம்.

"ஏண்டா, இத்தனை படம் பார்த்திருக்கீங்களே, எப்ப நிச்சயம் ஆச்சுங்கற?" என்று அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன், டிக்கெட் என்ற வார்த்தையில் இடறி விழுந்தேன். அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன்.

"ஏங்க, முட்டி வலின்னு காலையில லீவு கேட்டவர்தானே நீங்க?" என்றாள் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்தவள்.

*

பரணில் என்ன இருந்தது என்பதற்கு முன்னால் நான் செய்த குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும்.

என் அம்மா சத்துணவு அமைப்பாளர். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தைத் தொடங்கினாரே, அந்த முதல் வருஷத்திலேயே வேலையில் சேர்ந்தவர். எங்கள் ஊர் கிளியனூர். திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற சாலையில், சம்பந்தர் பாடிய அகஸ்தீஸ்வரர் கோயில் உள்ள ஊர். அம்மாவின் மையம் அங்கிருந்து சில ஸ்டாப் தள்ளி ஒரு கிராமம். தினம் காலையில் பஸ், சாயந்திரம் பஸ். தோளில் ஒரு கறுப்பு ரெக்ஸின் பை. அதில் சாவிக்கொத்து, தலைவலி மாத்திரை, விபூதிப் பொட்டலம், மூடி தொலைந்த பால் பாயிண்ட் பேனா, பஸ் டிக்கெட்.

ரிடையர் ஆகி, கடைசிக் காலத்தில் சென்னையில் என்னோடு இருந்தார். அப்போதும் அந்தப் பை கட்டில் காலில் தொங்கும். வார் அறுந்து, ரெக்ஸின் உரிந்து, உள்ளே நூல் தெரியும். அம்மா போய் ஒன்றரை வருஷம் கழித்து வந்த போகிக்கு, பழைய பாய், உடைந்த முறம் ஆகியவற்றோடு அந்தப் பையையும் தூக்கி நெருப்பில் போட்டேன். நான்தான் போட்டேன். மனைவி கூட, "எதுக்கும் கேட்டுட்டுப் போடுங்க" என்றாள். யாரைக் கேட்பது, அம்மாதான் இல்லையே என்று நினைத்தேன்.

கேட்டிருக்க வேண்டியது கிளியனூரில் இருக்கிற தங்கையை. மறுநாள் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு போனபோது, "அண்ணே, அடுத்த வாட்டி வரும்போது அம்மா பையைக் கொண்டாயேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சுலபம். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாலை இறக்கினாள். அதற்கப்புறம் போனில் நான் கேட்டால் பதில் சொல்வாள். அவளாகக் கூப்பிட மாட்டாள். பத்து மாதம்.

பரணில் இருந்தது ஒரு பிஸ்கட் டின். திறந்தால், ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிப்போன கட்டுக் கட்டான பஸ் டிக்கெட்டுகள். மஞ்சள், ரோஸ், வெளிர்பச்சை. தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் காலத்தவை. (1997-இல் பஸ்களிலிருந்து தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆக்கினார்கள், ஞாபகம் இருக்கலாம்.) ஒரு டிக்கெட்டைத் திருப்பினேன். பின்பக்கம் பால் பாயிண்டில் 78. இன்னொன்றில் 81. இன்னொன்றில் 80. எல்லாவற்றிலும் இப்படி ஓர் எண். கொஞ்ச நேரம் ஆயிற்று எனக்கு விளங்க. அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்ற கணக்கு.

சிலவற்றில் அம்மா கையெழுத்துக்குப் பக்கத்தில் வேறொரு கிறுக்கல். 'பாக்கி 0.25'. கண்டக்டர் எழுதியது.

*

ஜூனியரைக் குருவாக ஏற்றுக்கொண்டேன். "சார், யூடியூப்ல இருக்கு சார், அஞ்சு நிமிஷ வேலை" என்றான். யூடியூபில் அஞ்சு நிமிஷம் என்று சொல்லப்படுகிற எதையும் நம்பாதீர்கள். எனக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

முதல் கேள்வி, எந்தக் காகிதம்? ஆபீஸில் நாம் திருடி... மன்னிக்கவும், எடுத்துவருகிற ஜெராக்ஸ் பேப்பர் சதுர மீட்டருக்கு எழுபது, எழுபத்தைந்து கிராம். பைக்கு இருநூறு கிராமுக்கு மேல் வேண்டும். அதைவிட முக்கியம், பத்து வருஷம் கழித்தும் பழுக்கக் கூடாது. பழைய தினசரி ஏன் மஞ்சளாகிறது? அது மரக்கூழ். மரத்தில் லிக்னின் என்று ஒன்று இருக்கிறது. வெயிலும் காற்றும் பட்டால் அதுதான் பழுப்பாகும். பருத்தியில் அந்தத் தொல்லை இல்லை. கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். நம் ரூபாய் நோட்டே பருத்திக் காகிதம்தான். சட்டைப்பையோடு துவைத்துக் காயப்போட்ட நூறு ரூபாய் பிழைத்து வருவதும், அதே பையிலிருந்த மளிகை லிஸ்ட் கூழாகிப் போவதும் இதனால்தான்.

பருத்திக் காகிதத்துக்குப் பாண்டிச்சேரிதான் போக வேண்டும் என்று தீர்மானித்தேன். சென்னையிலும் கிடைக்கும். ஆனால் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தார் 1959-லிருந்து அங்கே கையால் காகிதம் செய்கிறார்கள். படிக்கிற நாளில் நானே போய் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

ஈ.சி.ஆர். பஸ்ஸில் போயிருக்கலாம். அது கிளியனூர் வழியாகப் போகாது. ஆனால் கால் தன்னால் திண்டிவனம் பஸ்ஸில் ஏறிற்று. சாலை நாலு வழியான பிறகு ஊர் சட்டென்று கடந்துவிடுகிறது. இறங்கவில்லை. அந்த இரண்டு நிமிஷமும் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், அவரைத்தான் முறைக்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

கைக்காகிதம் எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பருத்தித் துணியின் வெட்டுத் துண்டுகளை வாங்கிப் பொறுக்குவார்கள். பட்டன், எலாஸ்டிக், நைலான் எதுவும் இருக்கக் கூடாது. சின்னத் துண்டுகளாக நறுக்கி, தண்ணீரோடு ஒரு தொட்டியில் விடுவார்கள். தொட்டிக்குள் கத்தி பதித்த உருளை சுற்றும். ஹாலந்துக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் கண்டுபிடித்தது. அதனால் இன்றைக்கும் அதற்கு ஹாலண்டர் என்றே பெயர். மணிக்கணக்காக அது அரைத்து அரைத்து, துணி என்கிற நினைப்பே இல்லாமல் இட்லி மாவு மாதிரி ஆக்கிவிடும். அதைத் தண்ணீரில் கரைத்து, வலை அடித்த மரச்சட்டத்தை உள்ளே விட்டு மேலே தூக்கினால், தண்ணீர் வடிந்து வலைமேல் ஒரு மெல்லிய ஏடு நிற்கும். பாலாடை மாதிரி. அதைத் துணிமேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி, கொடியில் காயப்போட்டால் காகிதம். கி.பி. 105-இல் சீனாவில் சாய் லுன் கந்தலையும் மீன்வலையையும் மரப்பட்டையையும் அரைத்துச் செய்ததும் சாராம்சத்தில் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரக்கூழ் வரும்வரை ஐரோப்பாவிலும் கந்தல்தான் காகிதம்.

(வீட்டு மிக்ஸியில் துணியை அரைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அரைக்கலாம். நூல் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் புகையும். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று என் வீட்டில் கேட்காதீர்கள்.)

இதில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. காந்தியோடு சேர்ந்து 1934-இல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை ஆரம்பித்து நடத்தியவர். நெல் குத்துவது, எண்ணெய் ஆட்டுவதோடு காகிதம் செய்வதையும் கிராமத்துக்குத் திருப்பிக் கொண்டுவர முயன்றார்கள். ராஜஸ்தானில் சாங்கானேரில் இருக்கிற தேசிய கைக்காகித நிறுவனத்துக்கு இன்றைக்கு அவர் பெயர்தான். தஞ்சாவூரில் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசித்தேன். எனக்கே போன வருஷம்தான் தெரியும், ஆகவே மேலே போகலாம்.

*

ஐம்பத்தாறு சென்டிமீட்டருக்கு எழுபத்தாறு சென்டிமீட்டர், கெட்டியான வெள்ளைத் தாள் வாங்கினேன். விளிம்பில் பிசிறு இருக்கும். அதை வெட்டாதீர்கள், கைக்காகிதத்துக்கு அதுதான் அழகு.

பையின் கணக்கு இது. முன்பக்கம் 24 சென்டிமீட்டர், பக்கவாட்டு 8, பின்பக்கம் 24, மறு பக்கவாட்டு 8, ஒட்டுவதற்கு 2. மொத்தம் 66. உயரம் 18. மேலே உள்ளே மடிக்க 4, கீழே அடிப்பகுதிக்கு 6. மொத்தம் 28. ஆக, ஒரு தாளில் இரண்டு பை. ஒன்று கெடுத்துவிடுவதற்கு, ஒன்று செய்வதற்கு. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

மடிக்கிற இடத்தில் முதலில் தடம் போட வேண்டும். தீர்ந்துபோன ரீஃபில், ஸ்கேல், அழுத்தி ஒரு கோடு. தடம் இல்லாமல் மடித்தால் கெட்டித் தாள் உடைந்து வெடிக்கும். மிஷின் காகிதத்தில் நார் எல்லாம் ஒரே திசையில் ஓடும், ஒரு பக்கம் சுலபமாக மடியும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். கைக்காகிதத்தில் நார் எல்லாத் திசையிலும் கிடப்பதால் எப்படி மடித்தாலும் ஒரே மாதிரி. இது ஒரு சௌகரியம்.

அடிப்பகுதிதான் கஷ்டம். கவர் ஒட்டுகிற மாதிரி நான்கு மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். நானும் ஜூனியரும் ஒரு ஞாயிறு முழுக்க இதில் செலவழித்தோம். அமெரிக்காவில் மார்கரெட் நைட் என்ற பெண்மணி, தட்டையான அடியுள்ள காகிதப் பை செய்ய ஒரு மிஷினையே கண்டுபிடித்து, நடுவில் ஒருவன் அதைத் திருடித் தன்னுடையது என்று சொல்ல, கேஸ் போட்டு ஜெயித்து 1871-இல் காப்புரிமை வாங்கினார். மளிகைக் கடைப் பொட்டலத்துக்குப் பின்னால் இவ்வளவு கோர்ட் கேஸ். அந்த அடி மடிப்பைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஏன் ஒருவன் திருட நினைத்தான் என்று புரியும்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சினேன். ஃபெவிகால் போதும் என்று குரு சொன்னார், கேட்கவில்லை. பைண்டிங் கடைக்காரர்கள் மைதாவில் துளி மயில்துத்தம் போடுவார்கள் என்று தெரியும். வீட்டில் விஷம் எதற்கு என்று நான் போடவில்லை. மறு ஞாயிறு பார்த்தால், கரப்பான்பூச்சிக் குடும்பம் ஒன்று அடி மடிப்பை விருந்தாக முடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. கெடுப்பதற்கான பை அதுவாயிற்று. இரண்டாவது பைக்கு ஃபெவிகால்.

அடியிலும், மேல் மடிப்புக்குள்ளும் அட்டை வைத்தேன். இல்லாவிட்டால் கைப்பிடி பிய்த்துக்கொண்டு வரும். கைப்பிடிக்குத் தடித்த பருத்திக் கயிறு. அது நுழைய நான்கு பித்தளை வளையம் அடிக்க வேண்டும். இதற்கென்று விசேஷக் கருவியெல்லாம் வாங்காதீர்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் போங்கள். ஷூவுக்கு அடிக்கிற அதே வளையம். இரண்டு நிமிஷத்தில் அடித்துக் கொடுத்தார். டிக்கெட் கட்டைப் பார்த்துவிட்டு, "சார் கண்டக்டரா இருந்தீங்களா?" என்றார். இல்லை, பாசஞ்சர் மகன் என்றேன்.

*

இனிமேல்தான் உண்மையான பிரச்னை. டிக்கெட்டை எந்தப் பக்கம் ஒட்டுவது?

முன்பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டினால் கலர், நம்பர், கட்டணம், எல்லாம் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் 78-ம் 81-ம் பசையில் மூழ்கிப்போகும். திருப்பி ஒட்டினால் பஸ் போய்விடும். "முன்பக்கம் சார், கலர்தான் சார் லுக்கு" என்றான் ஜூனியர். அவன் சினிமா டிக்கெட்டுக்குப் பின்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, அவனுக்கு என்ன?

ஒரு ராத்திரி முழுக்க டிக்கெட்டுகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தேன். போகிக்குப் பையைப் போட்ட கை. இதையும் பசை போட்டு மூடினால் இரண்டாவது தடவை எரித்த மாதிரி. மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள், நின்று பார்த்துவிட்டு, "காலண்டர் மாதிரி மேல் ஓரம் மட்டும் ஒட்டினா என்ன? வேணுங்கறப்ப தூக்கிப் பாத்துக்கலாமே" என்று கொட்டாவிக்கு நடுவில் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். ஐந்து வாரத்தில் எனக்கும் யூடியூபுக்கும் தோன்றவில்லை.

அப்படியே செய்தேன். மேல் ஓரத்தில் மட்டும் தீக்குச்சி நுனியால் பசை. கீழ் வரிசையில் ஆரம்பித்து மேல்நோக்கி, ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. (முதலில் ஈரப் பஞ்சால் ஒரு மூலையைத் தொட்டுப் பாருங்கள், சில டிக்கெட்டில் மை கரையும்.) எண்களில் எழுபதும் எண்பதுமாகத்தான் பெரும்பாலும் இருந்தன. ஒரு டிக்கெட்டில் மட்டும் 12. என்ன என்று தெரியவில்லை. அதை மேல் வரிசையில் நடுவில் வைத்தேன்.

*

இந்தப் பொங்கலுக்குச் சீர்த்தட்டில் கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், புடவை, மேலே பை. கிளியனூரில் இறங்கியபோது வாய் வறண்டு போயிருந்தது. ஐம்பத்தேழு வயசில் பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகிற மாதிரி.

தங்கை தட்டை வாங்கினாள். பையைப் பார்த்தாள்.

"பையை எரிச்சிட்டுப் பை செஞ்சு எடுத்தாந்திருக்கியா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. மச்சான்தான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாப்ளே, இதுல கண்டக்டர் இருபத்தஞ்சு காசு பாக்கின்னு எழுதியிருக்கான் பாருங்க. கழகத்துக்கிட்ட வட்டியோட கேக்கலாம்" என்றார். இருபத்தைந்து காசே 2011-இல் செல்லாமல் போய்விட்டது என்றேன். யாராவது சிரித்தால் தேவலை என்று இருந்தது.

அவள் பையை வாங்கித் திண்ணையில் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். ஒரு டிக்கெட்டின் நுனியை விரலால் தூக்கினாள். அப்புறம் அடுத்தது. கோழி இறக்கையை விலக்கிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக.

"அம்மா சாயந்திரம் வந்ததும் பையை என்கிட்டதான் குடுக்கும். நான்தான் டிக்கெட்டை எடுத்து, இதைப் பாத்து ரிஜிஸ்டர்ல ஏத்துவேன். அம்மா காலை நீட்டிக்கிட்டுத் தப்பா எழுதாதடின்னு சொல்லிக்கிட்டே இருக்கும். உனக்குத் தெரியாது. நீ மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல இருந்த."

எனக்குத் தெரியாதுதான். அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று இவ்வளவு நேரம் உங்களுக்குப் பட்டியல் போட்டேனே, அது லீவுக்கு வந்தபோது பார்த்தது.

மேல் வரிசைக்கு வந்தாள். நடுவில் இருந்ததைத் தூக்கினாள்.

"பன்னெண்டு" என்றாள். "ஊர் பூரா அம்மை போட்டிருந்த வாரம். பன்னெண்டு பிள்ளைங்கதான் வந்துது. ஏத்தும்போது நான் ஒண்ணை விட்டுட்டேன்னு நினைச்சு எழுபத்தி ரெண்டுன்னு எழுதிட்டேன். அன்னிக்கு வாங்குன அடி..." கன்னத்தைத் தடவிக்கொண்டாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். முந்தானையால் முகத்தைத் துடைத்ததால் சரியாகத் தெரியவில்லை.

பொங்கல் சாப்பிட்டோம். கிளம்பும்போது பார்த்தால், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரைத் தேடி எடுத்துக் காகிதப் பையை அதில் போட்டுச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். 2019-லேயே தடை செய்த ரகம். எங்கிருந்துதான் சேர்த்து வைக்கிறார்களோ! தூசு படக் கூடாதாம்.

பஸ் ஏறி மயிலம் ரோடு தாண்டுவதற்குள் போன் வந்தது. அவள்தான். அவளாக.

"அண்ணே, அந்த டின்னுல மீதி டிக்கெட் இருக்குன்னியே, அதை எப்ப எரிக்கப் போற?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டின்னோடு, திண்டிவனம் பஸ் ஏறுகிறேன்.